சிறையைக் காட்டி அச்சுறுத்தினால் பிள்ளைகள் திருந்துவார்களா?

கேள்வி: எங்கள் இடைநிலைப்பள்ளியில் கட்டொழுங்குப் பிரச்சினையுள்ள மூன்றாம் படிவ மாணவர்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று, கைதிகளைக் கொண்டே எச்சரிக்கலாம் எனப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசினோம். போதைப்பொருளிலிருந்தும் குண்டர் கும்பலிலிருந்தும் அவர்களை இது விலக்கி வைக்குமா?
– சங்க உறுப்பினர் ஒருவர், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆயினும் இத்திட்டத்தைக் கைவிடுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து ராவே சிறையில் 1970களில் ஆயுள் கைதிகள் இம்முறையைத் தொடங்கினர். சிறுவர்களின் முகத்துக்கு நேரே நின்று கைதிகள் அதட்டும் காட்சிகளைக் கொண்ட ஆவணப்படம் 1978இல் வெளிவந்து ஆஸ்கார் விருதும் பெற்றதால், பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ஆனால் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபிங்கனவர், அங்கே சென்று வந்த சிறுவர்களை ஆராய்ந்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் அவர்களில் 41 விழுக்காட்டினர் குற்றத்தில் சிக்கியிருந்தனர். செல்லாதவர்களிடையே அது 11 விழுக்காடுதான். பின்னாளில் 9 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிஞர்களும், ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது தீங்கானது என்ற முடிவுக்கே வந்தனர்.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. தகராறு செய்யும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி ஒரே பேருந்தில் ஏற்றும்போதே அவர்களை ஒரு கும்பலாக்கி விடுகிறோம். கைதி அதட்டியபோது கண் கலங்காமல் நின்றவன், திரும்பும் வழியிலேயே மற்றவர்களுக்குத் தலைவனாகிவிடுவான். 'அண்ணன் உள்ளே போய் வந்தவர்' என்று பெருமையாகப் பேசும் வட்டாரத்தில் வளரும் பையனுக்கு, அந்தக் கைதியே முன்மாதிரியாகத் தெரியவும் கூடும். தந்தையோ மாமாவோ சிறையில் இருக்கும் பிள்ளைக்கோ, அன்று கிடைப்பது அவமானம் மட்டுமே.

சிறை சென்று மீண்டவர்களின் குரலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அத்தகைய ஒருவரைப் பள்ளி மண்டபத்துக்கு அழையுங்கள், பெற்றோரும் உடனிருக்கட்டும். 'இந்தப் பொட்டலத்தை எதிர் அடுக்குமாடியில் கொடுத்துவிட்டு வா, ஐம்பது வெள்ளி தருகிறேன்' என்று கேட்டவரிடம் தாம் ஏன் மறுக்கவில்லை என்பதை அவர் அமைதியாகச் சொல்லட்டும். அதே மேடையில் ஒரு வழக்கறிஞர், 15 கிராம் ஹெராயினோ 50 கிராம் சியாபுவோ (மெத்தாம்ஃபெட்டமின்) கையில் இருந்தாலே சட்டம் கடத்தலாக அனுமானிக்கும் என்பதையும், மலேசியாவில் 2023இல் கட்டாய மரண தண்டனை அகற்றப்பட்ட பிறகும் பெரியவர்களுக்கு மரணமோ ஆயுள் சிறையோ காத்திருக்கிறது என்பதையும் விளக்கலாம். பேருந்துக்கு ஒதுக்கிய பணத்தை, பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளையின் வீட்டுக்கு அன்றே சென்று விசாரிக்கும் ஒருவருக்குச் செலவிடுங்கள். பிள்ளை பள்ளியை விட்டு நழுவும் அந்தச் சில வாரங்களில்தான் கும்பல் அவனை அழைக்கிறது.

கேள்வி: என் 16 வயது மகன் சியாபு எடுப்பது தெரியவந்தது. ஓர் இரவு லாக்கப்பில் இருந்தால் பயம் வரும், போலீசில் ஒப்படை என்கிறார் என் அண்ணன்.
– ஒரு தாய், ஜெலுத்தோங்

பதில்: சகோதரி, அவசரப்பட வேண்டாம். போதைப்பொருளை உட்கொள்வதே நம் நாட்டில் குற்றம். வழக்கு என்று ஆகிவிட்டால், ஓர் இரவோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கோ அண்ணனுக்கோ இராது. ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு மகனை நீங்களே அழைத்துச் சென்று சிகிச்சை கோரலாம். வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. சியாபுவை நிறுத்திய முதல் நாள்களில் அவன் அளவுக்கு மீறித் தூங்குவான், எரிந்து விழுவான், மனம் சோர்ந்து கிடப்பான். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு சொல் வந்தாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் பினாங்குப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.