பாட்டு வாத்தியாரின் வரவுப் புத்தகம் (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

என் கொள்ளுத்தாத்தா ஒரு சிற்றூரில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். கச்சேரி செய்து பெயர் எடுத்தவர் அல்லர். வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியில் அவருடைய ஜாதகம், ஒரு பள்ளியில் பகுதிநேரமாகப் பாட்டு கற்பித்ததற்கான பணிச் சான்று, ஸ்வரப்படுத்திய கீர்த்தனைகள் உள்ள இரண்டு நோட்டுகள், சம்பள வரவு எழுதிய ஒரு நீள நோட்டு, மூன்று பத்திரங்கள் ஆகியவை கிடைத்தன. ஜாதகத்தில் நந்தன வருஷம் தை மாதம் என்றும், சான்றில் 1895 என்றும் பிறப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. அவர் தீட்சிதர் பரம்பரையில் நேரடியாகப் பாடம் கேட்டவர் என்று வீட்டில் சொல்வார்கள். எதை நம்புவது? இவ்வளவு குறைந்த காகிதங்களை வைத்து ஒருவருடைய வாழ்க்கையை எழுத முடியுமா? சில பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள சகோதரிக்கு,

தேதியை முதலில் முடித்துவிடலாம். நந்தன வருஷம் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. உங்கள் கணக்குக்குப் பொருந்துவது 1892 சித்திரையில் தொடங்கியது. ஆனால் தை மாதம் என்பதால் ஆங்கில ஆண்டு 1893 ஆகிவிடும். இந்த இடத்தில் பலர் ஓராண்டு தவறிவிடுகிறார்கள். ஜாதகத்தில் கிழமையும் நட்சத்திரமும் திதியும் சேர்ந்தே இருக்கும். மூன்றையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே நாளில் பொருந்தினால் ஜாதகத்தை நம்பலாம். சான்றில் இரண்டு வயது குறைந்திருப்பதில் வியப்பில்லை. பள்ளியில் சேர்க்கும்போது கண்மதிப்பாக வயது எழுதுவதும், வேலையில் இரண்டு ஆண்டு கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று குறைத்து எழுதுவதும் அந்தக் காலத்தில் சாதாரணம்.

பரம்பரை பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. விடையின் ஒரு பகுதி உங்கள் படங்களிலேயே இருக்கிறது. இரண்டாவது நோட்டில் 'சித்தி விநாயகம்' கீர்த்தனைக்கு மேலே ராகத்தின் பெயர் 'சாமரம்' என்று எழுதப்பட்டிருக்கிறது. கர்நாடக இசையின் 72 தாய் ராகங்களான மேளங்களில் 56-ஆவதை இன்று எல்லோரும் சண்முகப்பிரியா என்றுதான் சொல்கிறோம். சாமரம் என்பது முத்துசுவாமி தீட்சிதர் பின்பற்றிய மேளப் பட்டியலில் அதற்குள்ள பெயர். ஆகவே அந்த வழியோடு அவருக்கு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது என்று தயங்காமல் எழுதலாம். 'நேரடியாகப் பாடம் கேட்டார்' என்று எழுத இது மட்டும் போதாது. அந்தப் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற நூல் 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சாகிவிட்டது. தெலுங்கு படிக்கத் தெரிந்த எந்த வாத்தியாரும் அதைப் பார்த்துப் பிரதி செய்திருக்க முடியும். அந்த அச்சுப் புத்தகத்தில் ஸ்வரங்களோடு கமகங்களுக்கென்று, அதாவது ஸ்வரங்களை அசைத்தும் இழைத்தும் பாடும் முறைகளுக்கென்று, தனிக் குறிகள் உண்டு. உங்கள் நோட்டில் அந்தக் குறிகள் இருந்தால் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்று கொள்ளலாம். குறிகள் இல்லாமல், ஒரே வரியை இரண்டு மூன்று சங்கதிகளாக (மாற்றிப் பாடும் வகைகளாக) அடித்துத் திருத்தி எழுதியிருந்தால், எதிரே ஒருவர் பாட இவர் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் அனுப்பிய ஒரு பக்கத்தில் அனுபல்லவிக்கு எதிரே அடித்தல் இருக்கிறது. குறி எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஒரே பக்கத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டு நோட்டுகளையும் முழுவதும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த நீள நோட்டைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தார் பொதுவாகக் குருவின் பெயரைத் தேடுவார்கள். வாத்தியாரின் வாழ்க்கையோ மாணவர்களின் பெயர்களில் இருக்கிறது. முதல் பக்கங்களில் ரூ., அ., பை. (ரூபாய், அணா, பை) என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. கடைசிப் பக்கங்களில் ந. பை. வந்துவிடுகிறது. நயா பைசா 1957 ஏப்ரல் முதல் தேதி புழக்கத்துக்கு வந்தது. ஆகவே அறுபத்து நான்கு வயதிலும் அவர் சம்பளத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெயர்களுக்கு நேரே 'சரளி', 'அலங்காரம்', 'கீதம்', 'வர்ணம்' என்று, தொடக்கப் பாடத்திலிருந்து படிப்படியாகப் பாடம் எட்டிய இடத்தையும் குறித்திருக்கிறார். ஒரு பெண்ணின் பெயர் பதினான்கு மாதங்கள் தொடர்ந்து வருகிறது. வர்ணம் தொடங்கிய மறுமாதம் பெயரை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'கலியாணம்' என்று எழுதியிருக்கிறார். அதே பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர்கள் அப்படியே அடிபட்டிருக்கின்றன. எத்தனை பேர் வர்ணத்தைத் தாண்டினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர் நாள்தோறும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்த எண்ணிக்கையில் கிடைக்கும்.

இன்னொன்று. அந்த நோட்டில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. ஒன்று சாய்வானது, மற்றது உருண்டையாக, சற்றுப் பெரிதாக இருக்கிறது. உருண்டை எழுத்து வரும் மாதங்களில் வரவு மட்டுமல்ல, பாடக் குறிப்பும் அதே கையால்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவர் ஊரில் இல்லாதபோது வீட்டில் யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டிக்குப் பாடத் தெரியுமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் கையெழுத்திட்ட பத்திரமோ கடிதமோ இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்திரங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். பழைய பத்திரங்களில் ஒருவரின் பெயர், தகப்பனார் பெயர், வயது ஆகியவற்றோடு 'இன்ன ஜீவனம்' என்றும் எழுதுவது வழக்கம். உங்கள் மூன்றில் முதலாவதில் 'விவசாய ஜீவனம்' என்றும் மூன்றாவதில் 'சங்கீத ஜீவனம்' என்றும் இருப்பதைக் கவனித்தேன். நடுவில் உள்ளதன் படம் மங்கலாக இருக்கிறது. முதலாவதும் மூன்றாவதும் எந்தெந்த நிலத்தைப் பற்றியவை, விற்றதா வாங்கியதா என்று பாருங்கள். நிலம் கைவிட்டுப் போனதால் பாட்டைப் பிடித்தாரா, பாட்டைப் பிடித்ததால் நிலத்தை விட்டாரா என்பதற்குச் சான்று கிடைக்கக்கூடிய இடம் அது. பக்கம் கிழிந்திருந்தால், பதிவு எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

எழுத முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள்; அந்த நீள நோட்டின் முதல் மாதத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன், நடுப் பத்திரத்தைப் பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் மறுபடி படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்; முத்திரைத்தாள் வாங்கிய தேதியும் வாங்கியவர் பெயரும் அங்கேதான் இருக்கும்.

அன்புடன்.