நல்லெண்ணெய் தடவிய தேக்கு ஊஞ்சலில் பிசுக்கு போக

வணக்கம். நல்லெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஊஞ்சல் பலகையைத் துடைத்தபின் பிசுபிசுக்கிறது, தூசி அப்புகிறது, சிக்கு வாடை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், மரத்துக்குப் பெரிய கேடு வந்திருக்காது. நல்லெண்ணெய் முழுதாகக் காய்ந்து இறுகாது. காற்றுப் பட்டு அரைகுறையாகத் தடித்துப் பசைபோல் நின்றுவிடும். இணையத்தில் பரவும் குறிப்புகள் இதைச் சொல்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி போதும். பருத்தித் துணியை நனைத்து, சொட்டாதபடி இறுகப் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். பிசுக்கு ஒரே தடவையில் போகாது, மறுநாளும் செய்யுங்கள். முதலில் பலகையின் அடிப்பக்கத்தில் சோதிப்பது அவசியம், ஏனெனில் அரக்குப் பாலிஷ் ஈரத்தில் வெளுக்கும். சோடா மாவு அதற்கு ஆகவே ஆகாது.

அன்றாடத் தூசிக்குப் பழைய வேட்டித் துணி, லேசான ஈரம், அவ்வளவுதான். பாலிஷ் இல்லாத மரமாக இருந்து மினுமினுப்பு வேண்டுமென்றால் காய்ந்து இறுகும் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். நீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.