வலிப்பு இல்லை என்று சான்று வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் லோடு வண்டி ஓட்டுகிறார். ஆடி மாதம் அவருக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வண்டி ஓட்டவே கூடாது என்றார். உரிமம் புதுப்பிக்க வேண்டிய நேரம். “வலிப்பு இல்லை என்று சான்று வாங்கிவிடலாம், தூக்கம் வருகிற அந்த மாத்திரையை நிறுத்து” என்கிறார் முதலாளி. வண்டி வேலை போனால் அண்ணன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறேன் என்கிறார் இவர். என்ன செய்வது?
— ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, முதலில் மாத்திரை. அதை நிறுத்தச் சொல்ல முதலாளி யார்? வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால், அடங்கியிருந்த வலிப்பு கடுமையாகத் திரும்பி உயிருக்கே ஆபத்தாகலாம். தூக்கக் கலக்கத்தை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றுவது அவர் வேலை. மருந்தின் பக்க விளைவுகளை 1800-180-3024 என்ற அரசின் இலவச எண்ணிலும் தெரிவிக்கலாம்.

இனி சட்டம். சரக்கு வண்டி உரிமத்தைப் புதுப்பிக்கப் படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று வேண்டும். வலிப்பு உண்டா என்று அதில் டாக்டரிடம் நேரடியாகவே கேட்கிறார்கள். வலிப்பு நின்று எவ்வளவு காலம் ஆனால் ஓட்டலாம் என்பதற்குப் பிரிட்டனில் கணக்கு உண்டு: கார் என்றால் பொதுவாக ஓராண்டு, லாரி என்றால் மாத்திரையும் இல்லாமல் பத்தாண்டு. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஒரு காலவரையறை இல்லை. (இருந்தால் பாதிப்பேர் மறைக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம்.)

பொய்ச் சான்றோடு ஓட்டினால்? ஆபத்து உண்டாக்கும் நோய் தனக்கு இருப்பது தெரிந்தே ஓட்டுவது, அந்தச் சட்டத்தின் 186ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறை அபராதம் 1,000 ரூபாய் வரைதான். இந்தத் தொகையைப் பார்த்துத்தான் முதலாளிகளுக்கு அலட்சியம். பாம்பன் பாலத்தின் நடுவில் வலிப்பு வந்து, எதிரே வரும் பைக்கில் மோதி ஓர் உயிர் போனால் கதையே வேறு: இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. “திடீரென்று வந்துவிட்டது, என் கையில் என்ன இருக்கிறது?” என்ற வாதம் முதல் முறை வலிப்பு கண்டவருக்குக் கைகொடுக்கலாம். உங்கள் கணவருக்குக் கொடுக்காது. டாக்டர் சீட்டே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

ஓட்டச் சொல்லித் தூண்டிவிட்டவருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆவது பிரிவில், 186-இல் சொன்ன அதே தண்டனை உண்டு. முதலாளியிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். டாக்டர் ஓட்டக்கூடாது என்றதை உங்கள் கணவர் அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அழிக்காமல் வைத்திருக்கட்டும். நாளைக்கு ‘எனக்குத் தெரியவே தெரியாது’ என்று அவர் கைவிரிக்க முடியாது.

உண்மையைச் சொல்லி உரிமம் மறுக்கப்பட்டால், காரணத்தோடு எழுத்தில் உத்தரவு தர வேண்டும். கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பைக் ஓட்டுவதும் அதே 186ஆவது பிரிவில் குற்றம்தான், பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்காக இருந்தாலும்.

வள்ளம் வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் கடலில் செல்லாது. ஆனால் வலை இழுக்கையில் வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்தவரைத் தூக்குவது எளிதல்ல. எடை போடுவது, பெட்டிக் கணக்கு எழுதுவது போன்ற கரை வேலையை அதே முதலாளியிடம் கேளுங்கள். சம்பளப் பாக்கியைப் பிடித்துவைத்து அவர் மிரட்டினால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.