எழுதினவர் பேரே இல்லாத இணையப் பக்கத்தை ப்ராஜெக்ட்ல எப்படி காட்டுறது?

"நெட்ல எடுத்த கட்டுரைல எழுதினவர் பேர் இல்ல, கைடு ஆத்தர் யாருன்னு கேக்கறாரு, என்னத்த போடறது?" இதான கேள்வி. நான் புரொபசர் எல்லாம் இல்லீங்க, வேலூர்ல டிடிபி கடை வெச்சிருக்கேன், பதினஞ்சு வருஷமா பசங்க ப்ராஜெக்டும் தீசிஸும் டைப் பண்ணி பைண்டிங் போட்டு தர்றதுதான் பொழப்பு, மார்ச் வந்துட்டா ராத்திரி பதினோரு மணிக்கும் ஷட்டர தட்டுவாங்க. அதனால இந்த ஒரு விஷயத்துல நெறைய கூத்து பாத்திருக்கேன்.

போன சீசன்ல ஒரு பொண்ணு பென் டிரைவோட வந்துச்சி. டாபிக்கு பாலாறும் டேனரி, அதான் தோல் பதனிடற ஆலை, கழிவுத் தண்ணியும். கடைசில துணைநூல் பட்டியல பாத்தா 'அட்மின், எஸ்.'னு ஆறு எடத்துல இருக்கு. யாரும்மா இவரு, ஆறு கட்டுரை எழுதியிருக்காரேன்னு கேட்டேன். "தெரிலண்ணா, பட்டியல் போட்டுத் தர்ற மொபைல் ஆப்புதான் அப்டி போட்டுச்சி, இன்னா, தப்பா கீதா?"ன்னுது. போய் பாத்தா அந்தப் பக்கங்கள்ல 'சைட் அட்மின்'னு இருந்திருக்கு, ஆப்பு அத ஒரு ஆளுன்னு நெனச்சி அட்மின குடும்பப் பேராக்கி சைட்டுக்கு இனிஷியல் போட்டு வெச்சிருக்கு.

அட்மின்ன்றது ஆள் பேர் இல்ல, நம்ம பேப்பர்காரங்க போடற 'நமது நிருபர்' கூட அப்டிதான், அதயெல்லாம் நான் பேர் இல்லாத கணக்குலதான் சேப்பேன். அதே மாதிரி கூகுள்னு போடறது இருக்கே, அது லைப்ரரில எடுத்த புக்குக்கு பீரோ பேர எழுதற மாதிரி.

சரி, பேர் இல்லன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்துக்கு யாரு பொறுப்புன்னு பாருங்க, 'எங்களைப் பற்றி' பக்கத்தயும் அடியில இருக்கற பொடி எழுத்தயும் படிங்க. பாதிக்கு மேல அங்கயே தீந்துடும். மாவட்ட வெப்சைட்ல எடுத்தீங்கன்னா தனி ஆள் பேர் இருக்காது, ஆனா மாவட்ட நிர்வாகம் இருக்குல்ல, துணைநூல் பட்டியல் போடறதுக்கு ஏபிஏன்னு ஒரு முறை இருக்கு, அதுப்படி நிர்வாகம்தான் ஆத்தர். அரசாணைக்கு அந்தத் துறை. எம்எல்ஏன்ற இன்னொரு முறைல மட்டும் சின்ன வித்தியாசம், அமைப்பே எழுதி அமைப்பே வெளியிட்டிருந்தா ஆத்தர் எடத்த விட்டுட்டு தலைப்புலயே ஆரம்பிக்க சொல்றாங்க, அமைப்பு பேரு வெளியீட்டாளர் எடத்துக்கு போயிடும். உங்க டிபார்ட்மென்ட்ல எந்த முறைன்னு மொதல்ல கேட்டுக்கோங்க, ரெண்டயும் கலந்து அடிச்சிட்டு வந்தா திரும்ப டைப் பண்றதுக்கு காசு கேப்பேன் நான்.

அமைப்பும் இல்லன்னா தலைப்ப தூக்கி ஆத்தர் எடத்துல வெச்சிடுங்க, அவ்ளோதான் விஷயம். அப்புறம் ஏபிஏன்னா வருஷம், தளத்தோட பேரு, லிங்க். பட்டியல்ல தலைப்போட மொத எழுத்த வெச்சே வரிசைப்படுத்தணும், உள்ள பாராவுல சொல்றப்போ ஏபிஏன்னா தலைப்புல மொத ரெண்டு மூணு வார்த்தையும் வருஷமும் போதும். ஏபிஏல தலைப்ப சாய்வா போட சொல்லுவாங்க, தமிழ் ஃபான்ட்ட சாய்ச்சா கொம்பும் காலும் ஒன்னோட ஒன்னு முட்டிக்கிட்டு பாக்கவே நல்லா இருக்காது, கைடு ஒத்துக்கிட்டா நான் ஒத்தை மேற்கோள்குறி போட்டு விட்டுடுவேன். 'அனானிமஸ்'னு நீங்களா போடாதீங்க, எழுதினவரே அப்டி கையெழுத்து போட்டிருந்தா மட்டும்தான் ஏபிஏல அத பேரா எடுத்துக்கணும்.

தேதி இல்லாட்டி 'என்.டி.'னு போடுவாங்க, நோ டேட். அடியில 'கடைசியா புதுப்பிச்சது'ன்னு ஒரு தேதி இருக்கும், பல எடத்துல அது மொத்த சைட்டுக்கும் சேத்து ஓடற தேதி, உங்க பக்கத்தோட தேதி இல்ல. ஆனா நம்ம ஊர் பக்கம்னா உள்ள படிச்சே வயசு கண்டுபிடிச்சிடலாம். ஆம்பூர், வாணியம்பாடிய வேலூர் மாவட்டம்னு எழுதியிருந்தா அது பெரும்பாலும் 2019 நவம்பருக்கு முன்னாடி எழுதினது, அப்போதான் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டம் ஆச்சி. இல்லன்னா பழைய சரக்க காப்பி அடிச்சி போட்டிருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டுமே உங்களுக்கு தெரிஞ்சிருக்க வேண்டிய சேதி.

அந்தப் பொண்ணுக்கும் அதான் நடந்துச்சி. அது எடுத்த ஒரு பக்கத்துல 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்துல டேனரிகளுக்கு தலா 10,000 ரூபா அபராதம்'னு இருந்துச்சி. யாரு போட்டது, எப்போ, ஒன்னுமே இல்ல. ஆனா அந்த மாவட்டப் பேரப் பாத்ததும் இது வேலூர் மாவட்டத்தோட பழைய பேராச்சேன்னு தேடினோம், வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் இந்திய அரசு மேல போட்ட கேஸு, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 1996 ஆகஸ்ட் 28. கெடுத்தவன்தான் செலவு ஏத்துக்கணும்ன்ற கொள்கையெல்லாம் அதுல வருது. தீர்ப்பே முழுசா நெட்ல கெடைக்குது, அப்புறம் எதுக்கு பேர் தெரியாதவன் எழுதின நாலு வரி? ஆறு அட்மின்ல நாலு இப்டி போச்சி, எல்லாம் எங்கயோ இருந்து எடுத்து ஒட்டினதுதான், மூலத்தயே காட்டியாச்சி. "பட்டியல் சின்னதா போச்சேண்ணா"ன்னு மூஞ்சத் தூக்கிட்டு நின்னுச்சி.

விக்கிப்பீடியாவ பத்தியும் கேப்பீங்க. அங்க பேர் இல்லாம இல்ல, பேரு அதிகம், வரலாறுன்னு ஒரு பட்டன் இருக்கும், யார் யார் எப்போ மாத்தினாங்கன்னு எல்லாம் தெரியும். அத தலைப்புல ஆரம்பிச்சி, நீங்க படிச்ச அந்த பதிப்போட நிலையான லிங்க்க எடுத்து போடுங்க, நாளைக்கு எவனாவது மாத்தினாலும் நீங்க பாத்தது அப்டியே இருக்கும். வாட்ஸ்அப் ஃபார்வர்டு பத்தி பேசவே வேணாம்.

மத்த பக்கத்தயெல்லாம் படிச்ச அன்னிக்கே வேபேக் மெஷின்ல, அதான் இணையப் பக்கங்கள அப்டியே சேத்து வெக்கற சைட்ல, சேவ் பண்ணி அந்த லிங்க்கயும் வெச்சிக்கோங்க, அடிக்கடி மாறுற பக்கம்னா பாத்த தேதியயும் போடணும். அந்தப் பொண்ணுக்கு மிச்சம் இருந்த ரெண்டு அட்மின் இருக்கே, அதுல ஒன்னு நான் டைப் பண்ண ஒக்காந்த அன்னிக்கே தொறக்கல, சேவும் பண்ணி வெக்கல, அந்த பாராவயே எடுத்துட்டோம்.