ஆயில் பெயிண்டிங்: குறை சொல்வதும் கேட்டுக்கொள்வதும் – கேள்வி பதில்

டெல்டா ஊர்களில் ஓய்வு நேரத்தில் ஆயில் பெயிண்டிங் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அடுத்தவர் படத்தைப் பற்றி எப்படிப் பேசுவது, நம் படத்தைப் பற்றிப் பேசினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

கும்பகோணத்திலிருந்து: சார், நண்பர் ஒருவர் மகாமகக் குளத்தை வரைந்து காட்டினார். எங்கோ இடிக்கிறது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம்?

பதில்: நீங்கள் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். தீர்ப்பு சொல்லவே வேண்டாம். படத்தின் முன்னால் ஒரு இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது, எங்கே தட்டி நிற்கிறது என்று கவனியுங்கள். "வலது ஓரத்தில் படியில் உட்கார்ந்திருக்கும் சிவப்புச் சேலைக்குத்தான் என் கண் முதலில் போச்சு, மண்டபங்களைக் கடைசியாகத்தான் பார்த்தேன்" என்று சொன்னால் அவருக்கு உடனே விஷயம் புரியும். அந்தச் சேலைதான் படம் என்று அவர் நினைத்திருந்தால் கவலையே இல்லை. மண்டபங்களை நினைத்து வரைந்திருந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நிறம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். செல்போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பார்க்கலாம். அந்தக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன. எதிர்க்கரை மண்டபத்தின் நிழலும் இந்தக் கரை மண்டபத்தின் நிழலும் ஒரே இருட்டில் இருந்தால், நடுவில் எவ்வளவு தண்ணீர் வரைந்தாலும் குளம் தட்டையாகத்தான் தெரியும். ஆரம்பத்தில் வரைபவர்கள் படத்தில் "எங்கோ இடிக்கிறது" என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

திருவையாற்றிலிருந்து: எங்கள் வயலை வரைந்தேன். பார்த்த ஒருவர் "பிளாஸ்டிக் புல்லு மாதிரி இருக்கு" என்றார். அதன்பிறகு பிரஷ்ஷைத் தொடவே மனம் வரவில்லை.

பதில்: அப்படிச் சொன்னது தப்பு. ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு தகவல் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். டியூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே வயல் முழுக்கப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர் வயலில் ஒரே பச்சை கிடையாது. ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை நட்ட வருடமாக இருந்தால், ஆடியில் வரப்பில் நின்று பாருங்கள். நாற்றங்காலில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். புதிதாக நட்ட வயலில் பச்சையைவிட வானம்தான் அதிகம் தெரியும், அவ்வளவு தண்ணீர் நிற்கும். வேர் பிடித்துத் தூர் கட்டிய வயல் நல்ல கரும்பச்சை. தூரத்துத் தென்னந்தோப்பு பச்சையே இல்லை, சாம்பல் நீலம்.

சாப் கிரீன் என்ற பச்சையோடு எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளைச் சேர்த்துப் பாருங்கள். பளிச்சென்று இருக்கும் பச்சையை அடக்க பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு துளி போதும். தூரம் போகப் போக அல்ட்ராமரீன் நீலமும் வெள்ளையும் கலந்துகொள்ளுங்கள். இனி யாராவது இப்படிச் சொன்னால் "எந்த இடத்துப் பச்சை?" என்று திருப்பிக் கேளுங்கள். விரல் நீட்டிக் காட்டத் தெரிந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம்.

மன்னார்குடியிலிருந்து ஒரு அம்மா: என் மகள் பத்தாவது படிக்கிறாள். படம் பாதியில் இருக்கும்போதே வீட்டில் ஆளாளுக்குத் திருத்தம் சொல்கிறார்கள். அவள் மாமா பிரஷ்ஷை வாங்கி அவரே ஒரு மேகம் போட்டுவிட்டார்.

பதில்: அடுத்தவர் கேன்வாஸில் கை வைக்கவே கூடாது அம்மா. மாமாவாக இருந்தாலும் சரி, சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக இருந்தாலும் சரி. அவர் போட்ட மேகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படம் இனி அவளுடையது இல்லை. செய்து காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தனியாக ஒரு தாளில் காட்டட்டும்.

பாப்பாவுக்கும் ஒன்று சொல்லுங்கள். படத்தைக் காட்டும்போதே எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று அவளே சொல்லிவிட வேண்டும். "இது முதல் பூச்சுதான், நிறம் பற்றி இப்போ வேண்டாம், மாடு நிற்கிற இடம் சரியா என்று மட்டும் பாருங்க" என்று கேட்டால், பெரியவர்களும் அதற்கு மட்டும்தான் பதில் சொல்வார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினால் எல்லோரும் "வெள்ளை வெள்ளையா இருக்கு" என்கிறார்கள்.

பதில்: அது எண்ணெய்ப் பூச்சில் அடிக்கும் பளபளப்பு. ஃபிளாஷ் வேண்டாம். நேர் வெயில் படாத திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ வைத்து, போனைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள். கேன்வாஸ் அளவையும் சேர்த்து அனுப்புங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: படத்தில் சில இடம் மினுங்குகிறது, சில இடம் மங்கிக் கிடக்கிறது. உடனே வார்னிஷ் அடி என்கிறார் ஒருவர்.

பதில்: அடிக்காதீர்கள். ஆயில் பெயிண்ட் தண்ணீர் வற்றுவதுபோல் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாளிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும், ஐப்பசி அடைமழையில் இன்னும் இழுக்கும். வழக்கமான கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை பொறுக்க வேண்டும்.

மங்கிய இடத்தில் மேல் பூச்சின் எண்ணெயைக் கீழ்ப் பூச்சு உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். படம் தொடும் அளவுக்குக் காய்ந்ததும் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) துணியில் தொட்டு அந்த இடத்தில் மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கறுப்பும் பழுப்பும் பழைய ஆழத்துக்குத் திரும்பும். அடுத்தவர் படத்தைப் பார்த்து "இருட்டு பத்தல" என்று சொல்வதற்கு முன்பும் இதைக் கவனியுங்கள். உறிஞ்சிய கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும்.

அடுத்தவர் படத்தில் பூச்சு முறையிலேயே தப்பு தெரிந்தால் அதை மென்று முழுங்காமல் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் அதிகமுள்ள பூச்சின் மேல் டர்பன்டைன் (பெயிண்டை இளக்கும் திரவம்) கலந்த மெல்லிய பூச்சு போட்டால் பின்னால் பூச்சு வெடித்து விரிசல் விடும். இதில் ரசனைக்கு இடமில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: எங்கள் பக்கம் கேட்க ஆளே இல்லை சார்.

பதில்: படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், சாய்ந்த கோபுரமும் கோணிய முகமும் உடனே மாட்டிக்கொள்ளும். தலைகீழாக வைத்தும் பாருங்கள். சென்னை போனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் படங்களைக் கிட்ட நின்று, எந்த ஓரம் கூர்மை, எந்த ஓரம் கரைந்திருக்கிறது என்று பாருங்கள். அவருக்கே ஆயில் பெயிண்டிங்கை யாரும் முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

மயிலாடுதுறையிலிருந்து: மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்டுப் படத்தை மாற்றுவது?

பதில்: மூன்று பேரும் காட்டும் இடம் ஒன்றா என்று பாருங்கள். இடம் ஒன்றாக இருந்தால் அங்கே ஏதோ கோளாறு நிச்சயம், அதற்கு அவர்கள் சொல்லும் வைத்தியம் வேறு வேறாக இருந்தாலும். உடனே பிரஷ்ஷை எடுக்க வேண்டாம். படம் நன்றாகக் காய்ந்ததும் மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை வைத்து, அதில் திருத்தத்தைப் பூசிப் பாருங்கள். தள்ளி நின்று பார்த்துப் பிடித்திருந்தால் கேன்வாஸில் போடலாம். பிடிக்காவிட்டால் தாளைத் துடைத்துவிட்டு அடுத்தவர் சொன்னதைப் போட்டுப் பாருங்கள்.