அங்குலமா, மில்லிமீட்டரா? சந்தேகங்களுக்குப் பதில்

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். மெட்ரிக் அளவும் அடி, பவுண்டு, காலன் வகையறாவும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஓர் அங்குலம் 2.54 செ.மீ. என்பது தோராயக் கணக்குதானே? உண்மையான மதிப்பு என்ன?

தோராயமே இல்லை, அதுதான் உண்மையான மதிப்பு. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் கூடி ஒரு கெஜம் 0.9144 மீட்டர் என்று முடிவு செய்தன. கெஜத்துக்கு 36 அங்குலம் என்பதால் அதை 36-ஆல் வகுத்தால் சரியாக 25.4 மி.மீ. வரும். அதற்கு முன் அமெரிக்க அங்குலமும் பிரிட்டிஷ் அங்குலமும் மயிரிழை அளவு வேறுபட்டன. இன்றைக்கு அங்குலத்துக்கென்று தனி மூல அளவு கிடையாது. மீட்டரை வைத்துத்தான் அதற்கே இலக்கணம்.

கேள்வி: என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். படிவத்தில் 5.6 அடி என்று போட்டேன். 170.7 செ.மீ. என்று காட்டுகிறது. நான் அவ்வளவு உயரமில்லையே?

இல்லைதான். நீங்கள் 167.6 செ.மீ. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் ஆறு அங்குலம் அரை அடி, அதாவது 5.5. உங்களுக்கு மூன்று செ.மீ. லாபம். ஐந்தடி பதினோரு அங்குலக்காரர் 5.11 என்று போட்டால் 180 செ.மீ. ஆள் 156-க்கு இறங்கிவிடுவார்! புள்ளி வைத்து எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: சார், பழைய இயந்திரத்தின் மூடிக்கு 8 மி.மீ. போல்ட் போடப் பார்த்தேன். இரண்டு சுற்று சுலபமாக ஏறுகிறது, அப்புறம் இறுகிக்கொள்கிறது. எண்ணெய் விட்டு முறுக்கிவிடலாமா?

வேண்டவே வேண்டாம், மரை போய்விடும். அது அநேகமாக 5/16 அங்குல போல்ட்டுக்கான துளை. 5/16 என்றால் 7.94 மி.மீ. 8-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விஷயம் மரையில் இருக்கிறது. 8 மி.மீ. போல்ட்டில் வழக்கமாக ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மி.மீ. 5/16-ன் சாதாரண மரையில் அங்குலத்துக்கு 18 சுற்று, சுற்றுக்கு 1.41 மி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் 0.16 மி.மீ. பிசகு சேர்ந்துகொண்டே போய், கொஞ்ச தூரத்தில் மரையோடு மரை மோதி நின்றுவிடும். அதற்கு மேல் ஏறுவது போல்ட்டின் பலத்தால் அல்ல, துளைக்குள் இருக்கும் மரையைச் சீவிக்கொண்டுதான்.

கழற்றிய பழைய போல்ட் கையில் இருந்தால் தலையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 8.8, 10.9 போன்ற எண் பொறித்திருந்தால் மெட்ரிக். நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று கோடோ ஆறு கோடோ இருந்தால் அங்குலம்.

ஸ்பேனரிலும் இதே வம்புதான். 8 மி.மீ. போல்ட்டின் தலை பொதுவாக 13 மி.மீ.; 5/16-ன் தலை அரை அங்குலம், அதாவது 12.7. 13 ஸ்பேனர் அதில் மாட்டும், ஆனால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். துருப்பிடித்த போல்ட்டை இப்படி முறுக்கினால் தலையின் முனைகள் மழுங்கி, பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. 19-ம் முக்கால் அங்குலமும் (19.05) மட்டும் பெரும்பாலும் ஒன்றுக்கு இன்னொன்று உதவும்.

கேள்வி: அரை அங்குல இரும்புக் குழாயை அளந்தேன். உள்ளேயும் அரை அங்குலம் இல்லை, வெளியேயும் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அது பெயர் மட்டும்தான். அரை அங்குலம் என்று பெயர்பெற்ற இரும்புக் குழாயின் வெளி விட்டம் 21.3 மி.மீ. மரையும் இணைப்புகளும் பொருந்த வேண்டும் என்பதால் அந்த வெளி விட்டம் மாறாது. கனத்தைப் பொறுத்து உள் விட்டம் மட்டும் மாறும்.

கேள்வி: ஒரு காலனுக்கு 30 மைல் ஓடும் கார் என்று இரண்டு நாட்டு விளம்பரங்களிலும் பார்த்தேன். இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. அமெரிக்கா பழைய ஒயின் காலனையே வைத்துக்கொண்டது, 3.785 லிட்டர். பிரிட்டன் 1824-ல் புதுக் காலனுக்கு மாறிவிட்டது, 4.546 லிட்டர். அமெரிக்கக் கணக்கில் அந்த கார் 100 கி.மீ. ஓட 7.8 லிட்டர் குடிக்கும். பிரிட்டிஷ் கணக்கில் 9.4 லிட்டர்.

இந்த மைல்-காலன் கணக்கில் இன்னொரு பொறியும் உண்டு. 10 மைல் கொடுக்கும் வண்டியை விற்று 20 கொடுப்பதை வாங்கினால், 100 மைலுக்கு ஐந்து காலன் மிச்சம். 20-லிருந்து 40-க்குப் போனால் மிச்சம் இரண்டரைதான், எண் என்னவோ பிரமாதமாக ஏறினாலும். 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பவருக்கு இந்தக் குழப்பமே வராது. இந்த ஒரு விஷயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு மெட்ரிக் கட்சி.

கேள்வி: 1.5 டன் ஏசி என்றால் 1.5 டன் எடையா?

எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு டன் (அமெரிக்க டன், 907 கிலோ) பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதே வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் திறன் அது. ஒரு டன் சுமார் 3.5 கிலோவாட், உங்களுடையது 5.3. இது குளிர்விக்கும் திறன், மின்செலவு அல்ல.

கேள்வி: காய்ச்சல் 2 டிகிரி செல்சியஸ் கூடிவிட்டது. மாற்றிப் பார்த்தால் 35.6 ஃபாரன்ஹீட் வருகிறதே!

நீங்கள் மாற்றியது வெப்பநிலையை அல்ல, வித்தியாசத்தை. அதற்கு 1.8-ஆல் பெருக்கினால் போதும், 32-ஐக் கூட்டக்கூடாது. 3.6 டிகிரி கூடியிருக்கிறது. அப்புறம், 98.6 என்பதில் இருக்கும் அந்தப் புள்ளி ஆறைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 37 என்ற முழு எண்ணை மாற்றியதால் வந்த தசமம் அது, அவ்வளவு நுட்பமான எல்லைக்கோடு இல்லை.

கேள்வி: குழந்தையின் எடையைப் பவுண்டில் சொன்னால் மருத்துவர்கள் ஏன் கிலோவில்தான் கேட்கிறார்கள்?

குழந்தைகளுக்குப் பல மருந்துகளின் அளவு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றே கணக்கிடப்படுகிறது. 10 கிலோ குழந்தை 22 பவுண்டு. அந்த 22-ஐ யாராவது கிலோ என்று எழுதிக்கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். திரவ மருந்தையும் சமையல் கரண்டியில் ஊற்றாதீர்கள். தேக்கரண்டி என்றால் 5 மி.லி. என்பது கணக்குக்குத்தான், வீட்டுக் கரண்டிகள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. கோடு போட்ட சிரிஞ்சோ அளவுக் குப்பியோ வேண்டும்.

கேள்வி: நம்மைப் போன்றவர்கள் குழம்பலாம். பெரிய நிறுவனங்களுமா?

1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பதற்கான எண், கிலோவாக மாற்ற அந்த எண் 0.8 அளவில் இருந்திருக்க வேண்டும். தேவையில் பாதிக்கும் குறைவோடு கிளம்பிய விமானம் நடுவானில் இரண்டு என்ஜினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் சறுக்கி இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை.

1999-ல் நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று தப்பவில்லை. ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்த உந்துவிசை எண்ணை இன்னொன்று நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு பிசகு. இரண்டு இடத்திலும் பெருக்கல் சரியாகவே நடந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகைப் பார்க்கத்தான் ஆளில்லை.

கேள்வி: டேப்பில் இரண்டு அளவும் இருக்கிறது. எதைப் பார்ப்பது? முனையில் இருக்கும் கொக்கி வேறு ஆடுகிறது, தட்டி இறுக்கிவிடலாமா?

எதை வேண்டுமானாலும் பாருங்கள், ஆனால் ஒரு வேலை முடியும்வரை ஒரே பக்கம். ஜன்னலை அங்குலத்தில் அளந்து, கண்ணாடியை மில்லிமீட்டரில் வெட்டச் சொல்லி, நடுவில் முழு எண்ணாக்கினால் கண்ணாடி சட்டத்துக்குள் போகாது.

கொக்கியைத் தொடாதீர்கள். வேண்டுமென்றேதான் ஆடவிட்டிருக்கிறார்கள். வெளியே மாட்டி இழுக்கும்போதும் உள்ளே முட்டவைத்து அளக்கும்போதும் கொக்கியின் சொந்தக் கனம் கணக்கில் சேராமல் இருக்க, சரியாக அந்தக் கனத்துக்கு அது நகர்ந்து கொடுக்கும். தட்டி இறுக்கினால் இரண்டில் ஒரு விதமாக அளக்கும்போது எப்போதும் தப்பு வரும், அங்குலத்திலும் சரி, மில்லிமீட்டரிலும் சரி.