தெரபி தொடங்கும் முன்: கூச்சப்படாமல் கேட்ட கேள்விகள்

நான் தனியாக கிளினிக் நடத்தும் மனநல தெரபிஸ்ட். தெரபி தொடங்குவதைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் காசு, நேரம், ரகசியம் பற்றியவை. சந்தோஷம். இதையெல்லாம் கேட்க வெட்கப்பட்டே மூன்றாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேடம், சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். யாரிடம் போவது?

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மனநிலையைப் பரிசோதிப்பார், தெரபி தருவார். பெரும்பாலான நாடுகளில் இவர் மருந்து எழுத முடியாது. 'கவுன்சலர்' என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் படிப்பு இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் யார் வேண்டுமானாலும் அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். அதனால் பலகையை நம்பாமல் வாயைத் திறந்து கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை பார்ப்பது யார்? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குத் தவறைச் சுட்டிக்காட்டப் பக்கத்து அறையில் ஆள் கிடையாது. மேற்பார்வையாளர் அதற்குத்தான்.

பல நாளாகத் தூக்கமே இல்லை, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்றால் முதலில் டாக்டர். வெறும் சோர்வு என்றாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தைராய்டு சுரப்பு குறைந்தால் அதுவும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும்.

ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு 50 நிமிடத்தில் எழுப்பி அனுப்புகிறார். இது நியாயமா?

50 நிமிடம் என்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம், சிலர் 45 வைத்திருப்பார்கள். மீதி நேரத்தில் குறிப்பு எழுத வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், வெளியே போகிறவரும் உள்ளே வருகிறவரும் வாசலில் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்லாதது அவர் தவறு.

இன்னொன்று. 49-வது நிமிடத்தில் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, "அப்புறம், ஒரு சின்ன விஷயம்…" என்று ஆரம்பிப்பார்கள். அது ஒரு நாளும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. அப்படி ஏதாவது நெஞ்சில் இருந்தால் உட்கார்ந்ததும், "இன்றைக்குச் சொல்லக் கஷ்டமான ஒன்று இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதற்கு நேரம் ஒதுக்குவது எங்கள் பாடு.

அக்கா, காலையில் திடீர் காய்ச்சல். வர முடியாது என்று சொன்னேன். முழு ஃபீஸும் கேட்டுவிட்டார்.

24 அல்லது 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது பல இடங்களில் இருக்கும் விதி. கடைசி நிமிடத்தில் காலியான நேரத்தை வேறு யாருக்கும் தர முடியாது என்பதுதான் காரணம். காய்ச்சலுக்கு விலக்கு உண்டா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். நான் முதல் தடவை விட்டுவிடுவேன், எல்லோரும் அப்படி இல்லை. விதி எழுத்தில் உங்களிடம் வந்திருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். வரவில்லை என்றால் தாராளமாக மறுத்துப் பேசுங்கள். அவரே கடைசி நேரத்தில் ரத்து செய்தால் என்ன என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீஸ் கட்டுப்படியாகவில்லை. பேரம் பேசலாமா?

பேசலாம். வருமானத்துக்கு ஏற்றபடி குறைத்து வாங்கச் சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கும் தெரபிஸ்டுகள் உண்டு. மேற்பார்வையில் பயிற்சி பெறுகிறவர்களிடம் கட்டணம் பெரும்பாலும் குறைவு. "என்னால் ஆறு தடவைதான் முடியும்" என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்குள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று திட்டம் போட முடியும். ஆழமான காயத்தைத் திறந்துவிட்டுப் பாதியில் நிற்பதுதான் மோசம். இன்ஷூரன்சில் கேட்பதாக இருந்தால், நோயின் பெயர் அவர்களுக்குப் போகுமா என்று முதலில் விசாரியுங்கள்.

நான் சொல்வதெல்லாம் ரகசியமாக இருக்குமா? என் கணவர் போன் செய்து கேட்டால்?

நீங்கள் என்னிடம் வருகிறீர்களா இல்லையா என்பதைக்கூட நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ரகசியத்துக்கும் எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடப்பது, நீதிமன்ற உத்தரவு – பொதுவாக இந்த இடங்களில் வாய் திறக்க வேண்டி வரும். கலிஃபோர்னியாவில் தெரபியில் இருந்த ஒருவர் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொல்லி, பின்னர் கொன்றும்விட்டார். டாராசோஃப் வழக்கு என்று அதற்குப் பெயர். ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை தெரபிஸ்டுக்கு உண்டு என்று 1976-ல் அங்கே தீர்ப்பு வந்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், அதனால் "எப்போது வெளியே சொல்வீர்கள்?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். "செத்துப்போகலாம் போல இருக்கிறது" என்று சொன்ன உடனே ஆம்புலன்ஸ் வந்து நிற்காது. எண்ணம் மட்டும்தானா, எப்படி என்று யோசித்தாயிற்றா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்போம். பலர் அந்த எண்ணத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்வதே அந்த அறையில்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தனி ஆளாக நடத்தும் கிளினிக்கில் ராத்திரி ஆள் இருக்க மாட்டார்கள். நள்ளிரவில் அனுப்பும் வாட்ஸ்ஆப் செய்தியைக் காலையில்தான் பார்ப்பேன். அவசரம் என்றால் அவசர உதவி எண், இல்லையென்றால் ஆஸ்பத்திரி.

முதல் நாள் எங்கிருந்து ஆரம்பிப்பது?

"எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை" என்பதிலிருந்து.

எத்தனை மாதம் ஆகும்?

மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு சிபிடி என்ற முறையில் (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிப் பழகுவது) பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள். சிறு வயதுக் காயங்களுக்கு இதைவிட அதிகம். மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க பிஹெச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு, மதிப்பெண் 0 முதல் 27 வரை. சில வாரத்துக்கு ஒருமுறை அதை நிரப்பி, எண் இறங்குகிறதா என்று நீங்களும் சேர்ந்து பாருங்கள். முன்னேற்றம் தெரபிஸ்டுக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

நாலு தடவை போய்விட்டேன். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. எப்படி விலகுவது?

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் தெரபிஸ்டுக்கும் அவரிடம் வருகிறவருக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார்: நோக்கத்தில் ஒத்துப்போவது, செய்யும் வேலையில் ஒத்துப்போவது, இருவருக்கும் நடுவிலுள்ள பிணைப்பு. உங்களுக்கு எது இடிக்கிறது? பேசும் விஷயம் வலிக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் இருந்து பாருங்கள். நீங்கள் சொல்வது அவர் காதில் விழவே இல்லை என்றால் அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார். போகிறேன் என்று முடிவெடுத்தால் ஒரு குறுஞ்செய்தி போதும், காரணம் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

தப்பான எண்ணத்தோடு தொட்டாலோ, காதல் பேசினாலோ, தொழிலில் பங்கு கேட்டாலோ, அடுத்தவர் கதையை உங்களிடம் அடையாளத்தோடு சொன்னாலோ அன்றோடு நிறுத்திவிடுங்கள். அவர் பதிவு செய்திருக்கும் இடத்தில் புகாரும் கொடுக்கலாம்.

வீட்டிலிருந்து ஆன்லைனில் பேசுகிறேன். சுவர் தாண்டிக் கேட்குமோ என்று பயம்.

இயர்போன் போடுங்கள், கதவுக்கு வெளியே ஏதாவது பாட்டு ஓடட்டும். நிறுத்தி வைத்த காரும் நல்ல இடம்தான். ஓடுகிற கார் வேண்டவே வேண்டாம். தொடங்கும்போது "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் சந்தேகப்படாதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் உதவியை எங்கே அனுப்புவது என்று தெரிய வேண்டாமா?

வெளியில் எதிரே பார்த்துவிட்டால் வணக்கம் சொல்வீர்களா?

முதலில் நான் சொல்ல மாட்டேன். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். பக்கத்தில் இருப்பவர் "யார் அது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது உங்கள் இஷ்டம்.